சிவப்புப் பொட்டு வைத்த பந்துகள்

ஜாஸ்மின் யாரையும் சட்டென்று நம்புகிற ஆள் இல்லை. பால்காரர் ஊற்றும் பாலைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்பாள். செல்போன் கம்பெனியில் பல வருஷம் லைனின் கடைசியில் உட்கார்ந்து, நல்லது எது, சொத்தை எது என்று பிரித்துப் பிரித்தே அவள் கண் அப்படி ஆகிவிட்டதாக அவள் புருஷன் சொல்வான். அந்தக் கண்ணுக்காகத்தான் ஜீவானந்தம், ஒரகடம் பக்கத்தில் தான் நடத்தும் கோல்ஃப் பயிற்சித் திடலுக்கு அவளை இன்சார்ஜாக வைத்திருந்தார்.

திடல் என்றால் மூன்று பக்கமும் உயரமாக வலை கட்டிய ஒரு நீளப் புல்வெளி, அவ்வளவுதான். சுற்றியிருக்கிற கம்பெனிகளின் கொரியாக்காரர்களும், அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நம்மூர் மேனேஜர்களும் ஷிஃப்ட் முடிந்து வந்து, யார் மேலோ உள்ள கோபத்தைப் பந்து மேல் காட்டிவிட்டுப் போவார்கள். புல்வெளியின் கடைசியில் ஒரு குட்டை உண்டு. அதில் விழுந்து ஊறிய பந்தைக் கழுவினால் புதுசு போலத்தான் தெரியும், அடித்தால் போகாது. அந்த மாதிரிப் பந்துக்குச் சிவப்பு மார்க்கரில் பொட்டு வைத்து, சிவப்புக் கூடையில் போட வேண்டும் என்பது ஜாஸ்மின் போட்ட சட்டம். இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாலும் சிவப்புக் கூடை என்றால் ரிஜெக்ட். அதை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வாரம் திடலில் ஒரு பரீட்சை நடந்தது. கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியின் கொரியாப் பெரியவர், போன வருஷம் கம்பெனிகளுக்குள் நடந்த போட்டியில், யார் அதிக தூரம் அடிப்பது என்பதில் தோற்றுப்போயிருந்தார். தன் கையில் குறை என்று எந்தப் பெரிய மனுஷன் ஒத்துக்கொண்டிருக்கிறான்? பந்து சரியில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் அவருடைய பர்ச்சேஸ் ஆபீசர் சுப்பிரமணி, உயர்ந்த ரகப் பந்துகளில் மூன்று கம்பெனிச் சரக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். டிரைவர் என்கிற பெரிய தலை மட்டையால் அடித்தால் எது தூரம் போகிறது என்று பார்க்க வேண்டும். அடிக்கிறவர் பேரைப் பார்த்துப் பட்சபாதம் காட்டிவிடக் கூடாது என்று, பந்தில் அச்சடித்த கம்பெனிப் பேரை மறைத்து, ஒரு ரகத்துக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு என்று சுப்பிரமணியே பொட்டு வைத்திருந்தார். மெனக்கெட்ட மனுஷன்தான்.

அடிக்கிறவர் கோச் வனமாமலை. நூறு தடவை அடித்தாலும் அவர் கை ஒரே மாதிரி போகும். பந்து பொறுக்குகிறவன் இசக்கிபாண்டி, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். கூண்டு வைத்த வண்டியை ஓட்டிக்கொண்டு போய்ப் பந்துகளை வாரி வருவான். காண்ட்ராக்ட், காண்ட்ராக்ட் என்றே கம்பெனி கம்பெனியாக மாறியவன். அவன் சுறுசுறுப்பைப் பார்த்த சுப்பிரமணி, தன் கம்பெனி ஸ்டோர்ஸில் நிரந்தர வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். ஊரில் அம்மாவிடம் சொல்லிவிட்டான். தங்கச்சி கல்யாணப் பேச்சுகூட அந்த வேலையை நம்பித்தான் ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை முதல் சுற்று. நீலப் பொட்டு உயரமாக எழும்பி, எதிர்காற்றில் திணறி விழுந்தது. பச்சை தாழப் பறந்து, விழுந்த பிறகு உருண்டு கொஞ்சம் ஈடுகட்டியது. சிவப்புதான் காற்றைப் பற்றிக் கவலைப்படாமல் போனது. பின்னால் வைத்த, தூரம் அளக்கிற மெஷினும் அதையே காட்டியது. காலையில் காற்றில்லாத நேரத்தில் இன்னொரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார் சுப்பிரமணி.

ஜாஸ்மினுக்கு ஆரம்பத்திலிருந்தே மனசு சரியில்லை. பச்சை ரகத்தை விற்கிற டீலர் யாரும் கூப்பிடாமலே வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். பொட்டு வைத்து மறைத்தாலும் தன் சரக்கு அவனுக்குத் தெரியாதா? போகும்போது பைக் பக்கத்தில் நின்று இசக்கிபாண்டியிடம் சிரித்துச் சிரித்துப் பேசினான். இவனிடம் அவனுக்கு என்ன பேச்சு என்று அவளுக்கு உறுத்தியது. அந்த நினைப்போடுதான் பந்துகளைத் தரம் பிரித்தாள். காதில் மாமியார் போன். வெளியே படப்பை போகிற ஷேர் ஆட்டோவின் ஹாரன். ரகத்துக்கு ஒன்றாக இருந்த மூன்று டிரேயையும் நிரப்பி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு ஓடினாள்.

மறுநாள் காலை நீலமும் பச்சையும் நேற்று மாதிரியே போயின. சிவப்புதான் மானத்தை வாங்கியது. ஒன்று நன்றாகப் போனது, அடுத்தது பாதியில் விழுந்தது, அதற்கடுத்ததும் அப்படியே. வனமாமலை ஒரு பந்தை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தார். அது புதுப் பந்தே இல்லை, குட்டையில் கிடந்த பந்து என்றார்.

ஜாஸ்மினுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தாள். சிவப்பு ஜெயிக்கக் கூடாது என்று டீலர் காசு கொடுத்திருக்கிறான், இசக்கிபாண்டி வண்டியிலேயே பந்தை மாற்றியிருக்கிறான். சுப்பிரமணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். பிறகு இசக்கிபாண்டியின் பையைத் திறக்கச் சொன்னாள். உள்ளே டிபன் பாக்ஸும், பிளாஸ்டிக் கவரில் சர்டிபிகேட்டுகளும், திங்கட்கிழமைக்காக வாங்கிய வெள்ளைச் சட்டையும் இருந்தன. பந்து இல்லை.

"அத்த நேத்தே கைமாத்திருப்பான் சார்" என்றாள் ஜாஸ்மின்.

சுப்பிரமணி கத்தவில்லை. ஸ்டோர்ஸ் வேலைக்குக் கை சுத்தம்தான் முக்கியம், திங்கட்கிழமை வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார். இசக்கிபாண்டி அவளை ஒரு பார்வை பார்த்தான். சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனான். பார், ஒரு வார்த்தை மறுத்துப் பேசுகிறானா என்று ஜாஸ்மின் நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை அவளே வண்டி ஓட்டிப் பந்துகளை வாரி வந்து, தரம் பிரிக்க உட்கார்ந்தாள். நல்லது இந்தப் பக்கம், சொத்தை அந்தப் பக்கம். காலையில் சுப்பிரமணி திடலிலேயே விட்டுப்போன சிவப்புப் பொட்டுப் புதுப் பந்து ஒன்று கையில் வந்தது. என்ன ஏது என்று பார்ப்பதற்குள் கை அதைச் சிவப்புக் கூடையில் போட்டுவிட்டது.

அவள் விருட்டென்று எழுந்தாள். பிறகு கூடையைத் தரையில் கவிழ்த்தாள். குட்டைப் பந்துகளுக்கு நடுவில், கம்பெனிப் பேரை மறைத்த அகலமான பொட்டோடு சுப்பிரமணியின் புதுப் பந்துகள் கிடந்தன. வெள்ளிக்கிழமை போனில் பேசிக்கொண்டே சிவப்பையெல்லாம் கூடையில் எறிந்திருக்கிறாள். கடைசியில் டிரே காலியாக இருப்பதைப் பார்த்து, அதே கூடையிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டிருக்கிறாள். அள்ளியது இப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக்கூடப் போகாமல் வல்லம் வடகாலில் அவன் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போனாள். அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை.

"நீங்க புதுப் பந்த செவப்புக் கூடைல போடுதத நான் பாத்தேன்க்கா" என்றான்.

"பாத்துட்டு இன்னாத்துக்குப்பா சொல்லாம இருந்த?"

"நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதுக்கு ஒதுக்குதீங்கன்னு நெனச்சேன். வேற வேலைக்குப் போறவனுக்கு எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன். மறுநா எம் பைய தொறக்கச் சொன்னீங்களா, சரி, நம்ம தலைலதான் கட்டப் போறாங்கன்னு முடிவே பண்ணிட்டேன்."

என்னைப் போய்த் திருடி என்று நினைத்தாயா என்று அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. கேட்கிற யோக்கியதை அவளுக்கு ஏது? அங்கிருந்தபடியே சுப்பிரமணிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் அவளை நன்றாகவே திட்டினார். பையனைத் திங்கட்கிழமை வரச் சொல் என்றார். புதுப் பந்து வாங்கி வந்து மறுபடி அடித்துப் பார்ப்போம், அப்போது நீ பந்துப் பக்கமே வராதே என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஜாஸ்மினுக்கு மூச்சு வந்தது. ஆனால் இசக்கிபாண்டியின் முகம் தெளியவில்லை.

"ஓனர்ட்டயும் இப்பமே சொல்லிருங்கக்கா."

"நாளிக்கு நேர்லயே சொல்லிக்கிறேன்பா."

"அங்க போயி மாத்திச் சொல்லிட்டீங்கன்னா? வேலைல சேந்தப்புறம் ஒரு நா அந்தப் பேச்சு கம்பெனிக்கு வரும். எங் கண்ணு முன்னாலயே சொல்லுங்க."

அவன் இடத்தில் அவள் இருந்திருந்தால், இதைச் சுப்பிரமணிக்குப் போன் போடும் முன்பே கேட்டிருப்பாள். மறுபேச்சில்லாமல் ஜீவானந்தத்தின் நம்பரை அழுத்தினாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னான், போட்டாள். மணி அடித்துக்கொண்டிருந்தவரை அவன் கண் போனை விட்டு நகரவில்லை.

"சார், அந்தப் பந்த மாத்தி வச்சது நான்தான் சார்" என்றாள்.

"எம் பேரையும் சொல்லுங்க. இசக்கிபாண்டி எடுக்கலன்னு" என்றான் அவன், மெதுவாக.

அதையும் சொன்னாள்.