மூன்றாம் ஆவி

அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல், மாமனார் விருஷபதாஸ் அனந்தமதியின் கைச்சமையலைத் தவிர வேறு எதையும் மெச்சியதில்லை. அவளுக்கு அது போதும், நகைநட்டு கேட்டதில்லை. அந்த ஒன்றில்தான் நீலாஞ்சனா கை வைத்தாள்.

நீலாஞ்சனா ஓரகத்தி. கொழுந்தன் ஸ்ரீபால் புதுச்சேரி வியாபாரி ஒருவருக்குக் கணக்கெழுத அல்ஜீரியா போனவன். அங்கே பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டியதும் பெண்டாட்டியோடு செஞ்சிக்கே திரும்பிவிட்டான். வந்தவள் சும்மா வரவில்லை, ஒரு பலகாரத்தோடு வந்தாள். குஸ்குஸ் என்றாள். மாமனார் வாயில் அது நுழையவில்லை. "சின்னவளோட கோதுமைப் புட்டு" என்றார்.

செய்கிற விதத்தைக் கேளுங்கள், கண்ணுங்களா. தாம்பாளத்தில் ரவையைக் கொட்டி, உப்புத்தண்ணீர் தெளித்து, மாவு தூவி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்த்தால் கடுகு கடுகாக உருளும். சலித்து, துளைத்தட்டில் பரப்பி, குழம்பு கொதிக்கிற இட்லிக் கொப்பரை மேல் வைக்க வேண்டும். வெங்காயமும் கிழங்கும் ஆகாத ஜைன வீடு. ஆகவே குழம்பில் பூசணி, கொண்டைக்கடலை, பட்டை, சீரகம், பெருங்காயம். தட்டும் கொப்பரையும் சேருமிடத்தில் மாவு தோய்த்த துணியைச் சுற்றினால் ஆவி வெளியே போகாது. வெந்ததைக் கொட்டி, நெய் தொட்டு உதிர்த்து, மறுபடி ஏற்ற வேண்டும். அப்புறம் மூன்றாம் தடவை.

"பெரியவளே, நீ இன்னிக்கு ஒண்ணும் பண்ணாதே. சின்னவ புட்டே போதும்" என்றார் மாமனார் ஒரு சாயங்காலம்.

போதுமாமே! அனந்தமதிக்கு நெஞ்சு காந்தியது. நீலாஞ்சனா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, கொப்பரையில் சுற்றியிருந்த துணியைப் பின்பக்கமாக விரல்நுனியால் இழுத்துவிட்டாள். ஆவி புஸ்ஸென்று சுவரில் அடித்தது.

"இன்னாக்கா இது, வேகவே மாட்டேங்குது?"

"அல்ஜீரியா அடுப்பா இது? செஞ்சி அடுப்பும்மா. பழகணும்."

மூன்றாம் ஆவி ஏறுமுன்னே சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பொழுது சாய்ந்தபின் அந்த வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. மாமனார் வெறும் இலையை ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போனார். அனந்தமதிக்கு உள்ளம் குளிர்ந்தது. தானும்தான் பட்டினி என்பது கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. பூசணி வாசனை வேறு மூக்கைவிட்டுப் போகமாட்டேன் என்றது.

ஆக்கியதை மறுநாளுக்கு வைத்துத் தின்கிற வழக்கமும் இல்லை. எல்லாம் மாட்டுக்குப் போயிற்று. விடிந்ததும் நீலாஞ்சனா புதிதாக உருட்டினாள். துணியைச் சுற்றிவிட்டுக் கொப்பரை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள், நகரவே இல்லை.

ராத்திரி முழுக்கக் காய்ந்த வயிறு மாமனாருக்கு. கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார்.

"என் ஆயுசுல இந்த ருசி பாத்ததில்லம்மா. ராத்திரியெல்லாம் இதே நெனப்பு!"

பட்டினி போட்டு அந்த ருசியை ஏற்றிவிட்டவள் தான்தான் என்று அனந்தமதிக்குப் புரிந்தது. யாரிடம் போய்ச் சொல்வாள்?

"நீங்களும் சாப்டுங்கக்கா."

வாயில் போட்டாள். பூப்பூவாக உதிர்ந்து கரைந்தது. நன்றாக இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"பெருங்காயம் கம்மி."

"போட்டுட்டாப் போச்சு."

"கறிவேப்பிலைய நெய்யில பொரிச்சுக் கொட்டணும். ஒனக்கு இன்னா தெரியும்?" வாய் நிறைய இருந்தது. விழுங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாளைக்கு நான் உருட்டறேன். தப்பாப் போனா சொல்லு. மாமா காதுல மட்டும் வுழக்கூடாது."

நீலாஞ்சனா தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி போட்டாள். அனந்தமதி போதும் என்று சொல்லவில்லை.