தொண்டையில் எலும்பு

வாடகைக்கு வந்த முப்பது நாற்காலிகளில் பதினொன்றில்தான் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பதினொன்றும் வீதியின் எதிர்ச்சுவரை ஒட்டி இழுத்துப் போடப்பட்டிருந்தன. நாச்சிமுத்துவோடு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் ஏழு பேர், பொங்கலூரிலிருந்து வந்த பங்காளிகள் நான்கு பேர். கம்பெனி முதலாளி மயில்சாமி நாற்காலிக்கே வரவில்லை. காரின் முன்கதவைத் திறந்துவைத்து, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக இருந்தார். பெண்கள் பந்தலுக்கு வெளியே ஈரத் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்குள் பெஞ்சின்மேல் நாச்சிமுத்து. கால்மாட்டில் அவருடைய அக்கா பழனாத்தாள், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. தலைமாட்டில் யாரும் இல்லை.

தலைமாட்டில் இருக்க வேண்டிய அவர் மனைவி சாரதாமணி புதுவேட்டி எடுக்க உள்ளே வந்திருந்தாள். வேட்டி கையில் இருந்தது. சமையலறை ஜன்னலில் நின்று, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஒரு கடிதத்தில் எழுதப்போகிறவளைப் போல ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டக் கூடாது, முகத்தைத் தொடக் கூடாது, நோய் எச்சிலில்தான் இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பியது மண்ணரை முழுக்கத் தெரிந்துவிட்டது. வேட்டியைக்கூட மேலே போர்த்தத்தான் முடியும்.

கொல்லையில் சத்தமே இல்லை. பதினாறு வருஷமாக இந்த வீட்டில் யார் கதவைத் தட்டினாலும் முதலில் பதில் சொன்னது கொல்லைதான். கம்பிவலை அடித்த நாலு அறை, ஒவ்வொன்றிலும் சிமெண்டுத் தொட்டி. அல்சேஷன் நாய்கள். குழந்தை இல்லாத வீட்டில் அவற்றுக்குத்தான் பிறந்த தேதி, எடை, ஊசி போட்ட நாள் எல்லாம் நோட்டில் இருந்தது. நாயை நாச்சிமுத்து பார்த்துக்கொண்டார். கடிதம் எல்லாம் சாரதாமணி. பத்தாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். மதராஸுக்கு நாய்களின் வம்சச் சர்டிபிகேட் கேட்டு எழுதுவதும், குட்டி வாங்கியவர்களுக்கு எப்போது பால் நிறுத்த வேண்டும், எப்போது கறி கொடுக்க வேண்டும் என்று எழுதுவதும் அவள்தான். நேற்று முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து, ஆண் நாயையும் வீட்டில் வைத்துக்கொண்ட இரண்டு குட்டிகளையும் கொண்டுபோய்விட்டார்கள்.

கிட்டுசாமி உள்ளே வந்தான். நாச்சிமுத்துவின் தம்பி. கொள்ளி வைக்கப்போகிறவன் என்பதால் மீசை மழித்திருந்தான்; அடையாளமே மாறியிருந்தது.

"நங்கை, மூணு நாள் தபாலு. அண்ணனப் பாக்கறதா, இதப் பாக்கறதா. என்ற சட்டைலயே கெடந்துச்சு."

அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் கூப்பிடுவான். கரண்டு பில், ஒரு கல்யாணப் பத்திரிகை, ஒரு இன்லண்ட் லெட்டர். இன்லண்டின் பின்பக்கம் பார்த்தாள். வேலுமணி, எஸ்டேட் கணக்குப்பிள்ளை, வால்பாறை.

கொல்லையில் இருந்த பெண் நாய் ஷீபா போட்ட நாலு குட்டிகளில் ஒன்றை வாங்கிப்போனவர். இன்னொன்று மயில்சாமியின் பங்களாவுக்குப் போனது.

அவள் நின்றபடியே பிரித்தாள்.

'மதிப்பிற்குரிய நாச்சிமுத்து அவர்களுக்கு, வணக்கம். தங்களிடம் வாங்கிய குட்டி இதுநாள் வரை நன்றாக இருந்தது. நேற்றிலிருந்து வாயை மூட முடியவில்லை. தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது. தண்ணீரை நக்கப் பார்க்கிறது, உள்ளே இறங்கவில்லை. இதன் தாய்க்கும் இவ்வாறே தொண்டையில் எலும்பு சிக்கியதாகத் தாங்கள் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. கை விட்டுப் பார்த்தேன், என் கை பெரியதாக இருப்பதால் ஆழமாகப் போகவில்லை. என் சின்ன மகள் கை சிறியது. அவளைத்தான் பார்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். தங்கள் யோசனையை உடனே எழுதவும்.'

புதன்கிழமை தேதி. இன்று சனி.

தாங்கள் எழுதியிருந்தது. அவள் எழுதியது. ஆவணி மாதத்தில் ஷீபாவுக்குத் தாடை தொங்கியபோது, முந்தின நாள் போட்ட ஆட்டெலும்புதான் என்று நாச்சிமுத்து சொன்னார். வீதியில் கால் வைக்காத நாய், சர்டிபிகேட் உள்ள நாய். வெறி என்பது தெருநாய்க்கு வருவது. சினையாக இருந்ததால் அந்த வருஷத்து ஊசியைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். நோட்டில் 'பிறகு' என்று அவளே எழுதிவைத்திருந்தாள். வைகாசியில் ஒரு நாள் வாசல் கேட்டின் சந்தில் ஏதோ ஒரு தெருநாய் ஷீபாவின் மூக்கைக் கீறியதும் நோட்டில் இருந்தது. மஞ்சள் வைத்தோம் என்று.

சாரதாமணிதான் ஷீபாவின் தாடையை அகட்டிப் பிடித்தாள். அவர் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். பல் கீறி இரண்டு இடத்தில் ரத்தம் வந்தது. எலும்பு கிடைக்கவில்லை. ஷீபா மூன்றாம் நாள் செத்தது. குட்டியைக் கொடுக்கும்போது தாயைக் காட்ட முடியாததால், தாய்க்கு எந்த நோயும் இல்லை, தொண்டையில் எலும்பு சிக்கி இறந்தது என்று அவர் சொல்ல, அவள் இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுத்தாள். கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

"என்னங் நங்கை?"

அவள் லெட்டரை நீட்டினாள். கிட்டுசாமி படித்துவிட்டு இன்னொரு தரம் படித்தான்.

"தந்தி குடுக்கணும்" என்றாள்.

"எங்க குடுக்கறது? ஆழியாத்துக்கு மேல மண்ணு சரிஞ்சு பஸ்ஸே போறதில்லீங்க. போனு, தந்திக் கம்பி எல்லாம் அறுந்து கெடக்குதாம். நம்ம பங்காளி பையன் அங்கதான வேல பாக்கறான், அண்ணனப் பாக்க வர முடியலீன்னு நேத்தே ஆளு மூலமா சேதி வந்துச்சே. தபால் மூட்டைய மட்டும் ஆளு தலைல தூக்கிட்டு ஏர்றானாம்."

"அப்ப லெட்டரு போகும்."

அவள் அலமாரியைத் திறந்தாள். பேடு, பேனா, தபால் கவர் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. சமையல் மேடையில் இடம் ஒதுக்கினாள்.

கிட்டுசாமி குரலைத் தாழ்த்தினான். "நங்கை, கோவிச்சுக்காதீங்க. மொத லெட்டரும் உங்க கையெழுத்து. நோயில்லீன்னு எழுதிருக்குது. இப்ப நோயின்னு எழுதுனா ரண்டையும் பக்கத்துல வெச்சுக் கேஸ் போட்டுருவாங்க. ஏற்கெனவே மொதலாளி வெளிய என்ன மொகரையா உக்காந்திருக்கார்னு பாத்தீங்கல்ல? நம்ம குட்டியால அவுரு ஊட்ல ஆறு பேரு வயித்துல ஊசி போட்டுட்டு இருக்காங்க. ஆளு வுட்டு நேர்ல சொல்லிக்கலாம்."

"எப்ப?"

"ரோடு தொறக்கட்டும்."

"உங்க அண்ணனுக்கு கீறுனது ஆவணில. அன்னைக்கே ஊசின்னு ஒருத்தரு சொல்லிருந்தா?"

கிட்டுசாமி லெட்டரை மடித்து மேடையில் வைத்தான். ஊசி போட்ட இடத்தில் அவள் வயிறு வீங்கியிருந்தது. அவளுக்கும் நேற்றுத்தான் முதல் ஊசி. பதினாலில் ஒன்று. குனிந்து எழுத முடியாமல் நிமிர்ந்து நின்று எழுதினாள்.

'நலம். நலமறிய' என்று கை தானாக ஆரம்பித்தது. அந்தத் தாளைக் கிழித்தாள்.

வெளியே பழனாத்தாளின் குரல் கேட்டது. "ஏ சாரதா, வேட்டி எடுக்கப் போனவ நெய்யவா போனே? அரிசி போடோணும், வா."

"வர்றேனுங்க."

'வேலுமணி அவர்களுக்கு. எலும்பு இல்லை. நான் முன்பு எழுதியது தவறு. இது வெறிநோய். குட்டியின் வாயில் யாரும் கை வைக்க வேண்டாம்.'

பழனாத்தாள் நடைக்கே வந்துவிட்டாள். மேடையையும் பேனாவையும் பார்த்தாள்.

"கட்டுனவன் பெஞ்சுல கெடக்கறான், இங்க நாய்க்கு லெட்டரா? உயிரோட இருக்கையிலும் நாயி, செத்தும் நாயி. அவன் வாய்ல ஒரு சொட்டு பாலு ஊத்த முடியாமப் போச்சே, அதுக்கு அழுதியா நீயி?"

சாரதாமணி எழுதிக்கொண்டிருந்தாள். கிட்டுசாமிதான் அக்காவின் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். "சித்த இரு அக்கா. ஒரு சின்னப்புள்ள இருக்குது அங்க."

'தாங்கள் கை விட்டிருக்கிறீர்கள். ஆகவே தாங்கள் உடனே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சின்ன மகளும் கை வைத்திருந்தால் அவளும். கீறல் இல்லை என்று இருந்துவிட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவும். ரோடு இல்லாவிட்டால் தூக்கிக்கொண்டாவது போகவும். என் கணவர் இவ்வாறே கை விட்டார். இன்று காலை ஆறேகாலுக்கு இறந்தார். மூன்று நாளாகத் தண்ணீரைக் கண்டால்'

அதற்கு மேல் எழுதவில்லை. முற்றுப்புள்ளி மட்டும் வைத்தாள். தேதி போட்டு, முதல் தடவையாகத் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

முடிக்கும்போதுதான் கணக்குப் பார்த்தாள். புதன் எழுதியிருக்கிறார். இன்று சனி. இது போய்ச் சேர செவ்வாயாகும். பதில் வருமென்று அவர் ஒரு நாள் காத்திருக்கலாம். குட்டி வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது எத்தனை நாள் காத்திருப்பார்? நாச்சிமுத்து அரை மணி நேரம்கூடக் காத்திருக்கவில்லை.

தாளை மூன்றாக மடித்துக் கவருக்குள் வைத்தாள். பழக்கத்தில் கவரின் ஓரத்தை நாக்கருகே கொண்டுபோனவள் நிறுத்திவிட்டாள். மூன்று நாளும் அவர் வாயைத் துடைத்தது அவள்தான்.

வீட்டில் தனியாகப் பசை இல்லை. சோறு இரண்டு நாளாக வடிக்கவில்லை, ஒட்டப் பருக்கையும் இல்லை. மேடையின் மூலையில் தட்டுப் போட்டு மூடிய எவர்சில்வர் டம்ளர் இருந்தது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பி அனுப்பியதும், காற்றுப் படாமல் ஜன்னலையெல்லாம் பனியன் வேஸ்ட் துணி வைத்து அடைத்த அறையில் அவர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார். அவள் இந்த டம்ளரைக் கொண்டுபோனாள். வாசற்படியில் அவளைக் கண்டதுமே அவர் உடம்பு வில்லாக வளைந்தது. அப்படியே திரும்பி வந்து, மூடி, இங்கே வைத்தாள். கொட்ட மனம் வரவில்லை.

தட்டை எடுத்தாள். சுண்டுவிரலைத் தண்ணீரில் தோய்த்துப் கவரின் பசை தடவிய ஓரத்தில் இழுத்தாள். ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து இருபது எண்ணினாள்.

வேட்டி ஒரு கையிலும் கவர் ஒரு கையிலுமாகப் பந்தலைக் கடந்து நேராகக் கார் வரைக்கும் போனாள். பெண்கள் அழுகையை நிறுத்திப் பார்த்தார்கள். மயில்சாமி காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"வால்பாறை குட்டிக்கும் வந்திருச்சுங்க" என்றாள். "அவுங்களுக்குத் தெரியாது. ஸ்டேஷன்ல ஆர்.எம்.எஸ். தபால் பொட்டில போட்டா ராத்திரி வண்டிக்குப் போயிருமுங்க."

அவர் கவரை உடனே வாங்கவில்லை. விலாசத்தைப் படித்தார்.

"எனக்கும் இதே கையெழுத்துலதான எழுதிக் குடுத்தீங்கம்மா" என்றார்.

"ஆமாங்க."

பிறகு ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து வாங்கி, டேஷ்போர்டில் வைத்தார். கதவைச் சாத்தினார். கார் பின்னால் போய், பாடைக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்த மாட்டுவண்டிக்கு வழிவிட்டு, ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

அவள் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். வேட்டியை விரித்துப் போர்த்தினாள். பழனாத்தாள் அரிசித் தட்டை நகர்த்தினாள். சாரதாமணி ஒரு பிடி எடுத்து, கட்டிய வாய்க்குப் போடாமல், வேட்டியின்மேல் மார்புக்கு நேராக வைத்தாள்.

சுண்டுவிரலில் இன்னும் ஈரம் இருந்தது. இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டு வந்தன.