உறை பிரிக்காத ஜாஸ்

எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறை. வெயில் கொளுத்தும் மேற்குப் பக்கத்து அறையில் நானும் என் கணவரும் படுக்கிறோம். வெயிலே படாத நல்ல அறையில் ஜப்பான் ரிக்கார்டுகள் வாசம் செய்கின்றன. அவற்றைப் படுக்க வைக்கக் கூடாதாம், வளைந்துவிடுமாம்; அதனால் அலமாரியில் விறைப்பாக நிற்கின்றன. அவற்றுக்குச் சளி பிடிக்காமல் இருக்க, ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று பகல் முழுக்க ஓடுகிறது. எங்கள் அறையில் ஓடுவது ஒரு மின்விசிறி, அதுவும் கிறீச் கிறீச்சென்று. அதை மாற்றச் சொன்னால், "அப்படியா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்பார் இவர்.

இவர் ஜாஸ் ரிக்கார்டு சேர்க்கிறவர். எல்லா ஜாஸும் இல்லை, அப்படிச் சேர்த்தால் நம்மைப் போல மனுஷராகிவிடுவாரே. ஜப்பானில் ஒரு காலத்தில் ஒரு சின்ன கம்பெனி இருந்ததாம். ஐம்பது ரிக்கார்டு போட்டுவிட்டுக் கடையை இழுத்து மூடிவிட்டதாம். அந்த ஐம்பதும் வேண்டும். அன்றைக்குக் கடையில் வைத்தபோது சுற்றிய பிளாஸ்டிக் உறை பிரியாமல் வேண்டும். அட்டையின் ஓரத்தில் ஜப்பானிய எழுத்தோடு ஒரு காகிதப் பட்டி இருக்கும், அதற்கு ஒபி என்று பெயர், அர்த்தம் இடுப்புப் பட்டையாம். அதில் ஒரு கசங்கல் இருக்கக் கூடாது. நானும் வருஷக்கணக்காக இடுப்பு வலி என்று சொல்கிறேன், எனக்கு ஒரு பட்டை வாங்கித் தரத் தோன்றவில்லை. ஜப்பான் இடுப்புக்குத்தான் இந்த வீட்டில் மரியாதை. இப்படியே நாற்பத்தொன்பது சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டாளிகள் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் டயர் கடைக்காரர். வாரம் முழுக்கக் கரிக்கையோடு இருந்துவிட்டு, இங்கே வரும்போது மட்டும் வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொள்வார். அவருக்கு நான் வைத்த பெயர் கையுறை. இன்னொருவர் பல் டாக்டர். நோயாளியின் வாயைப் பார்க்கிற பூதக்கண்ணாடியாலேயே அட்டையின் மூலை முடுக்கையும் பார்ப்பார். அவர் பூதக்கண்ணாடி. மூன்று பேரும் ஒரு ரிக்கார்டை எடுத்து, பச்சைக் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்தி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக்கில் விழுகிற பிம்பம் நெளிந்தால் எங்கோ கீறல் என்று அர்த்தமாம். இவர் அதில் மன்னன். நேராகப் பார்க்கவே மாட்டார், பளபளப்பில் எது தெரிகிறதோ அதைப் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவார்.

"என்ன ஒரு சவுண்டு" என்று ஒரு நாள் கையுறை அட்டையைப் பார்த்து உருகினார்.

தேநீர்த் தட்டோடு நின்ற எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பிரிக்கவே இல்லியே, எப்படிக் கேட்டுச்சு?"

"அண்ணி, பிரிச்சா போச்சு. கேக்கறதுக்கு யாராவது இத வாங்குவாங்களா?" என்றார் அவர்.

பூதக்கண்ணாடியும் தலையாட்டினார். என் கணவர் ரிக்கார்டை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த, ரிக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிளைப் பார்த்தார். அதற்குப் போன வருஷம்தான் புது ஊசி வாங்கினார். பிறகு புது ஒயர், அதற்குப் பிறகு இன்னொரு ஊசி. ஓடாத வண்டிக்கு எதற்கு இத்தனை டயர் என்று அப்போதே கேட்டேன். காதில் விழாத மாதிரி போய்விட்டார்.

காதில் விழாத மாதிரி என்றுதான் நினைத்தேன். என் தொழிலே காது. நகரத்துக் காது மருத்துவமனை ஒன்றில் செவித்திறன் பரிசோதிக்கிறேன். ஊரார் காதையெல்லாம் சோதித்துச் சம்பளம் வாங்குகிற நான், வீட்டில் இருக்கிற காதை மட்டும் திமிர் பிடித்த காது என்று விட்டு வைத்திருந்தேன். வாஷிங் மெஷின் முடிந்து பீப் பீப் என்று அடிக்கும், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். வாசல் மணி அடிக்கும், அசைய மாட்டார். ஏதாவது சொன்னால், "வாய்க்குள்ளயே முணுமுணுக்காத" என்று என் மேலேயே பழி போடுவார். நான் முணுமுணுக்கிறேனாம். என் குரல் மூன்றாவது மாடிவரை கேட்கும் என்று அங்கே குடியிருப்பவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, இவர் பாட்டில் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஆயிரக்கணக்கான கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஓடும் இடம். காதடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். போட மாட்டார், போட்டால் மெஷின் பேசுவது கேட்காதாம். ரிக்கார்டுக்கு மூன்று உறை போட்ட மகராசன், காதுக்கு ஒரு பஞ்சு வைக்கவில்லை. கரடியாய்க் கத்தி ஒரு வழியாகப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சத்தம் புகாத சின்ன அறைக்குள் அவர். கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, மெஷினோடு நான். ஹெட்போனில் மெல்லிய சத்தம் அனுப்புவேன், கேட்டால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். என் கை அசைவது தெரிந்தால் ஆட்கள் கேட்காமலேயே அமுக்கிவிடுவார்கள். அதனால் நாற்காலியைப் பக்கவாட்டில்தான் போட்டிருக்கிறோம். இவரும் உத்தமர் மாதிரி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பரிசோதனையில் பின்னிவிட்டார். குறைந்த சத்தம், கீச்சுச் சத்தம், எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பொத்தான். இருபது வயசுப் பையனுக்குக்கூட இப்படி வராது. அப்படியென்றால் வீட்டில் வேண்டுமென்றேதான் செவிடாக இருக்கிறார் என்று எனக்கு வந்ததே கோபம். கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் இவர் பார்க்கிற சுவரைக் கவனித்தேன். அங்கே காதின் உள்ளமைப்பைக் காட்டும் பெரிய படம் ஒன்று, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எத்தனையோ வருஷமாக அங்கேதான் இருக்கிறது. ஒருத்தருக்கும் அதில் காதைத் தவிர வேறொன்றும் தெரிந்ததில்லை. பிளாஸ்டிக் பளபளப்பில் கீறல் தேடியே பழகின கண்ணுக்கு, அந்தக் கண்ணாடியில் என் கை தெரிந்திருக்கிறது.

சத்தம் அனுப்பாமல் கையை மட்டும் அசைத்தேன். டக்கென்று அமுக்கினார். இன்னொரு தரம் சும்மா அசைத்தேன். மறுபடியும் டக். கையும் களவுமாக மாட்டிக்கொண்டது தெரியாமல், முகத்தில் ஒரு சின்னப் பெருமை வேறு.

உள்ளே போய் என் சால்வையை எடுத்து அந்தப் படத்தின் மேல் போர்த்தினேன். திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். தடித்த சத்தம் கேட்டது. நடுத்தரம் பாதி கேட்டது. கீச்சுச் சத்தத்துக்கு வந்ததும் பொத்தான் நின்றுபோனது. சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். சுவரையே பார்த்துக்கொண்டு, அமுக்கலாமா வேண்டாமா என்று கட்டைவிரலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது, "எப்பலேர்ந்து இப்படி?" என்று கேட்டேன். அவர் திரும்பவில்லை. தோளைத் தட்டி, முகத்தைப் பார்த்து மறுபடியும் கேட்டேன்.

"போன வருஷத்துலேர்ந்து" என்றார்.

"போனது வராது. இருக்கறதும் இப்படியே நிக்காது. காதுல மெஷின் வெச்சா என் பேச்சு கேக்கும், அவ்வளவுதான். உங்க ஜாஸ் பழையபடி கேக்காது. வீட்டுக்குப் போனதும் ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்டுக் கேளுங்க. எதுக்கு சேத்து வெச்சிருக்கீங்க?"

"பிரிச்சா மதிப்பு போயிடும்."

அந்த நிமிஷம் அவரைப் பஸ்ஸிலிருந்து கீழே தள்ளிவிடலாமா என்று இருந்தது. காது போகிறது என்கிறேன், மதிப்பு போகிறது என்கிறார். இப்படி ஒரு மனுஷனோடு குடும்பம் நடத்தியதற்கு எனக்கு ஒரு ஒபி சுற்றி அலமாரியில் வைத்திருக்கலாம்.

ஐம்பதாவது ரிக்கார்டு அடுத்த வாரம் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளும் வந்துவிட்டார்கள். கையுறை புதுக் கையுறை போட்டிருந்தார். பியானோ, ஆளுயர பாஸ் வயலின், டிரம்ஸ், மூன்றே பேர் வாசித்ததாம், கம்பெனியின் கடைசி ரிக்கார்டாம். பூதக்கண்ணாடி மூலைக்கு மூலை பார்த்துவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐம்பதும் உறை பிரிக்காம. இந்த ஊர்லயே யாருகிட்டயும் கிடையாது" என்றார்.

நான் சமையலறைக்குப் போய்ப் பழக்கத்தியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தேன். "பிரிங்க" என்றேன்.

கொலை நடந்த வீட்டில் நிற்கிற மாதிரி இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். "அண்ணி, விளையாடாதீங்க" என்றார் கையுறை. "ஒண்ணாவது அவர் கேக்கட்டும்" என்றேன். என் கணவர் ரிக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எங்கள் கல்யாண போட்டோவில்கூட என்னை அப்படி அணைத்ததில்லை. குடும்ப விவகாரம் என்று புரிந்து இருவரும் தேநீரைக்கூட முடிக்காமல் நழுவினார்கள்.

வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். முகம் தெரிகிற மாதிரி, நிறுத்தி நிதானமாகக் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க. மதிப்புதானா?"

ஒபியின் ஓரத்தை விரலால் நீவினார்.

"நம்ம பழைய ரிக்கார்டு ஒண்ணு இருக்கே, தேஞ்சது. போன வருஷம் நீ வேலைக்குப் போனப்புறம் போட்டேன்" என்றார்.

எனக்குத் தெரியும் அந்த ரிக்கார்டு. கல்யாணமான புதிதில், வாடகை அறையில், எனக்குப் போட்டுக் காட்டியது. டிரம்ஸைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பார்கள், அதற்கு மேலே சிம்பல் என்கிற பித்தளைத் தட்டில் டிங் டிங்கென்று போகும். "கேளு, தகரத்துல தூறல் விழற மாதிரி இல்ல?" என்றார். எனக்கு அரிசி களைகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து, ஆமாம் என்றேன்.

"பியானோ இருந்துச்சு. பாஸ் இருந்துச்சு. தூறலக் காணோம்" என்றார். "ஊசி தேஞ்சிருச்சுன்னு மாத்தினேன். அப்பவும் இல்ல. ஒயர மாத்தினேன். இன்னொரு ஊசி. அப்புறந்தான் புரிஞ்சுது." அலமாரியைக் காட்டினார். "இதெல்லாம் நான் பிரிக்காத வரைக்கும் அதுக்குள்ள எல்லாம் இருக்கு. பிரிச்சா, ஒவ்வொண்ணுலயும் காணாமப் போயிடும்."

இத்தனை நாள் ஊசிக்கும் ஒயருக்கும் நான் பேசிய பேச்சையெல்லாம் நினைத்து அழுகை வந்தது, அழுதேன்.

மூக்கைச் சிந்திவிட்டு, "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றேன். "எனக்குப் போட்டுக் காட்டுங்க. நான் கேக்கறேன்."

"உனக்குத்தான் பிடிக்காதே."

"பிடிக்கலதான். போடுங்க."

சிரித்தாரா என்னவோ தெரியவில்லை. கத்தியைத் தொடவில்லை. ஐம்பதாவது ரிக்கார்டின் உறையை நகத்தால் கீறினார், பிளாஸ்டிக் இரண்டாகப் பிரிந்தது. ஒபியை மட்டும் கசங்காமல் உருவி ஜன்னல் திட்டில் வைத்தார். புத்தி அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? டர்ன்டேபிளின் துணியை நான் எடுத்தேன். ஊசியை அவர் இறக்கினார்.

முதலில் பாஸ், மாடிப்படியில் யாரோ கனமாக இறங்கி வருகிற மாதிரி. பிறகு பியானோ. இரண்டுக்கும் அவர் தலை அசைந்தது. அதற்கப்புறம் பின்னாலிருந்து மெதுவாக அரிசி களைய ஆரம்பித்தார்கள். அவர் தலை பழையபடி பியானோவுக்கே அசைந்துகொண்டிருந்தது. சிம்பல் தொடங்கியது, டிங், டிங், டிடிங். எனக்குத் தெரியாமலேயே என் ஆள்காட்டி விரல் நாற்காலிக் கையில் அதற்குத் தாளம் தட்டியது.

நிமிர்ந்தேன். இவர் ரிக்கார்டைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. டர்ன்டேபிளின் தூக்கி வைத்த பளபளப்பான மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த அவர் கட்டைவிரல், கையில் இல்லாத ஒரு பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தது. டிங் வருகிற இடத்தில் சரியாக அமுக்கியது. கண் பாதிதான் மூடியிருந்தது, முகம் அந்த வாடகை அறையில் பார்த்த முகம்.

மருத்துவமனையாக இருந்தால் எழுந்துபோய் அந்த மூடியைச் சால்வையால் மூடியிருப்பேன். நான் எழுந்திருக்கவில்லை. விரலை மட்டும் கொஞ்சம் தள்ளி, அவருக்கு நன்றாகத் தெரிகிற இடத்தில் வைத்துத் தட்டினேன்.