பின்னுக்குப் பார்க்க ஓராள்

விடியுமுன்னே கயிறு தோளில் ஏறிவிட்டது. ஓலைத்தொடுவாய்க் கரையில் கரைவலை இழுப்பவனுக்கு முகம் கடல் பக்கம்; கால்கள் மட்டும் கரையை நோக்கிப் பின்னுக்குப் பின்னுக்கு நடக்கும். ஈரக் கயிறு உள்ளங்கைத் தோலை உரிக்கும், உப்பு அந்தக் காயத்தில் ஏறி எரியும். ஆனாலும் மீன் அடையும் வலைமடி கரைசேரும் வரை ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். திரும்பினால் இழுவை தளர்ந்து மீன் போய்விடும். அந்த வழக்கம்தான் அன்றைக்கு ஹுசைனின் காலை வாங்கியது.

கயிற்றின் கடைசியில் நின்ற மனிசன் அவர், பிள்ளைகளுக்கெல்லாம் ஹுசைன் நானா. பின்னுக்கு வைத்த கால் தொடைவரை மண்ணுக்குள் போனது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கனிய மண் தேடும் கொம்பனிக்காரர் அங்கே துளை போட்டு, குழாயைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பனையோலையைப் போட்டு மூடிவிட்டுப் போயிருந்தார்கள். இன்னும் எத்தனை துளை எங்கே கிடக்கிறதோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

அவரை ஆசுப்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நாங்கள் வந்து நிற்க, சந்தியோகு சம்மாட்டி தன் மீன்வாடிக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். வலையும் வள்ளமும் அவருடையவை. கொம்பனிக்கு இந்தக் கரையில் கையாளும் அவர்தான். எட்வேட்டையும் மகள் டிலோஜினியையும்தான் கூப்பிட்டார். நாங்களும் பின்னால் போனோம், ஏனென்றால் அந்தப் பிள்ளையின் விசயத்தில் எங்கள் எல்லோருடைய கழுத்தும் இருக்கிறது.

எட்வேட் என்னோடு ஒரே கயிற்றில் இழுப்பவன். அவன் மகளுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகம் சொட்டுப் புள்ளியில் தவறிப்போக, கொழும்பில் காசு கட்டிச் சமூகவியல் படித்தாள். என்னடி படிக்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். சனங்கள் ஏன் இப்பிடி வாழினம் எண்டு படிக்கிறன், மாமா என்றாள். அதை எங்களிடம் கேட்டிருந்தால் சும்மா சொல்லியிருப்போமே என்று சிரித்தேன். காசு சம்மாட்டியுடையது, பிணை நின்றவர்கள் கயிற்றுக்காரர் நாங்கள். கடன் முடியும்வரை பிணைக்காரன் வேறு வலையில் கை வைக்கக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. படித்து வந்தால் கட்டிவிடுவாள் என்று நம்பினோம். பட்டம் வந்தது. மன்னார் பட்டினத்தில் ஒரு நிறுவனத்தில் பயிலுனர் வேலையும் வந்தது. சம்பளம் பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் சரி, கடன் அசையாமல் கிடந்தது.

சம்மாட்டி கதிரையில் சாய்ந்தபடி சொன்னார்:

"கொம்பனிக்குப் படிச்ச பிள்ளை ஒண்டு வேணுமாம். இப்ப எடுக்கிறதைப் போல நாலு மடங்கு சம்பளம். வீடு வீடாப் போய், துளை போடச் சம்மதம் எண்டு ஒப்பம் வாங்கிறதுதான் வேலை. வெளியாள் போனா நாயை அவிட்டு விடுவினம். நீ எட்வேட்டின்ர பிள்ளை. கதிரை போட்டு இருத்துவினம்."

அவள் உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். ஆசை அவள் முகத்தில் தெரிந்தது. கடன் தீரும், அப்பாவின் பங்கு வட்டிக்குப் போகாமல் முழுசாக வீட்டுக்கு வரும், நாங்களும் பிணையிலிருந்து அவிழ்ந்துபோவோம். அந்த நேரம் எங்களில் ஒருவனாவது அவள் ஓம் சொல்லட்டும் என்று நினைத்திருப்பான். நானும் நினைத்தேன்.

"ஹுசைன் நானாட வீட்டிலயும் நான்தானே ஒப்பம் வாங்கோணும்?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன? கால் போனதுக்கும் ஏதும் குடுப்பினம்."

அந்தப் பதிலோடு அவள் நிமிர்ந்தாள்.

"நான் போகமாட்டன், ஐயா. கடனை மெல்ல மெல்லக் கட்டுறன்."

சம்மாட்டி குரலை உயர்த்தவில்லை. வாடிக்குப் பின்னால் மூடியிருந்த படங்குத் துணியை இழுத்துக் காட்டினார். ட்ரக்டரில் பூட்டும் வின்ஞ், மசகு கூடக் காயாமல் புதிதாக இருந்தது. நாளையிலிருந்து வலையை அது இழுக்குமாம். பிணைக்காரர் வேறு வலைக்குப் போகவும் ஏலாதாம். பிள்ளையின் ஒரு சொல்லில் இருக்கிறது எல்லாம் என்று அமைதியாகச் சொன்னார். எட்வேட் தலையைக் குனிந்துகொண்டான். என் வீட்டு அடுப்பும் எரியத்தானே வேண்டும். ஆனால் பயத்துக்கும் மேலால் ஒரு கோபம் வந்தது பாருங்கள், அதை என்னால் அடக்க முடியவில்லை.

"சம்மாட்டி, கடனுக்கு நாங்களும் ஒப்பம் வைச்சனாங்கள். கடன் எங்கட எண்டா, அந்தப் படிப்பும் எங்கடதான். அதை எங்களுக்கு எதிரா வேலைக்கு விடமாட்டம்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னோடு வீடுவரை வந்தது.

மறுநாள் விடிய ட்ரக்டர் கரையில் நின்றது. விளக்கு எங்கள் கண்ணைக் குத்தியது. கயிற்றை ட்ரக்டர்க்காரன் பூட்டினான்; நாங்கள் தொடவில்லை. எங்களிடம் வலை இல்லை, நாளைக்கு என்ன சமைப்பது என்றும் தெரியாது. வள்ளத்துக்குச் சைகை காட்டும் சிவப்புத் துணி மட்டும் இருந்தது. துளை கண்ட இடத்தில் நட்டுவைக்க, அதைக் கிழித்துத் தடிகளில் கட்டினோம். டிலோஜினி அன்று பட்டினத்து வேலைக்குப் போகவில்லை. வீடு வீடாகப் போய், துளை எங்கே, துளை போட்டபிறகு எந்தக் கிணறு உவர்த்தது என்று கேட்கப்போவதாகச் சொன்னாள். ஒருவரும் தனித்தனியே ஒப்பம் வைக்காமல், எல்லோரும் ஒன்றாய்க் கதைக்கும்வரை பொறுக்கச் சொல்லவும் வேண்டும் என்றாள். முதலில் ஹுசைன் வீடு. அவர் மனைவி பரீனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எங்களோடு இறங்கினாள். அடுத்த வீட்டுப் படலையில் இன்னும் இரண்டு பெண்கள் காத்து நின்றார்கள்.

பனங்காணிக்குள் நுழையும்போது ட்ரக்டர் உறுமியபடி எங்கள் பக்கம் திரும்பியது. வலை இழுக்கிறவனுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை? டிலோஜினி தடியால் மண்ணைக் குத்திக்கொண்டு முன்னே போனவள், திரும்பிப் பார்த்தாள்.

முதல்நாள் முழுவதும் வாய் திறக்காத எட்வேட் அப்போதுதான் பேசினான்.

"நீ முன்னுக்குப் பார், பிள்ளை. பின்னுக்கு நான் பாக்கிறன்."

சொல்லிவிட்டு ட்ரக்டருக்கு முகம் காட்டி, கயிறு பிடிப்பதுபோலவே பின்னுக்குப் பின்னுக்கு நடந்து வந்தான். நானும் போய் அவன் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன்.