மாமா மடக்கிய கை

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசை சரிதானா என்பதில்தான் வழக்கம்போலச் சந்தேகம்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், காலில் வந்த கட்டியைத் தானே கிள்ளிவிட்டு, நான் ஆய்வக உதவியாளனாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே காய்ச்சலோடு படுத்திருக்கிறார். தொற்று முற்றி உடம்பையே கவிழ்க்கும் செப்சிஸ் ஆகிவிடுமோ என்று டாக்டருக்குக் கவலை. கிருமித் தொற்றைக் காட்டிக்கொடுக்கும் புரோகால்சிடோனின் நேற்று எகிறியிருந்தது. மருந்து ஏற்றியபின் இன்று காலை பாதியாக இறங்கியது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்து வந்தது, ரத்தத்தில் சேரும் லாக்டேட் என்ற அமிலத்தின் அளவு. இரண்டைத் தாண்டினாலே உடம்பு திணறுகிறதோ என்று பார்க்க வேண்டும். மாமாவுக்கு நாலரை. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை சொல்லியாகிவிட்டது. அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

என் கை மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அதே ரத்தத்தை மறுபடி கருவியில் ஓட்டினேன். அதே நாலரை. குழாயும் ஒழுங்காகப் பனிக்கட்டியில்தான் வந்திருந்தது. வார்டுக்குப் போனால், திணற வேண்டிய மனிதர் பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் புஜம் காட்டிக்கொண்டிருந்தார். ரத்தம் எடுக்கும்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"சிஸ்டர் கைய மூடச் சொன்னாங்க. சும்மா மூடுவேனா? ஈரத் துணிய பிழியற மாதிரி பிழிஞ்சு தள்ளிட்டேன் மாப்ளே. நரம்பு கயிறாட்டம் எழும்பிடுச்சு."

நரம்பு எழும்ப மேல்கையில் ரப்பர் பட்டை கட்டியிருக்கும்போது கையை அப்படிப் பிழிந்தால் தசையே லாக்டேட்டைக் கக்கும். போன வாரம் மாலை வகுப்பில் படித்தது. சரியாகத்தான் படித்தேனா? தயங்கித் தயங்கி டாக்டரிடம் சொன்னேன்.

"எனக்கும் ஆளும் நம்பரும் ஒட்டல," என்றார் அவர். "பட்டை கட்டாம மறுபடி எடுங்க. அதுவரைக்கும் அங்க படுக்கை தயாராவே இருக்கட்டும்."

மறுபடி ரத்தம் எடுக்கப் போனபோதும் மாமாவால் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. அக்கா அவர் உள்ளங்கையில் தன் கையை விரித்து வைத்தாள். "இப்ப மடக்கிப் பாருங்க," என்றாள். அவர் மூச்சுகூட விடவில்லை.

ஒன்று புள்ளி ஆறு. மூன்று முறை கண்ணைத் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். டாக்டர் வந்து பார்த்து, கண்காணிப்பு தொடரட்டும், வார்டிலேயே இருக்கலாம் என்றார்.

மாமாவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது.

"நாலரை எடுத்தவன மாப்ள ஒண்ணரைக்கு இறக்கிட்டான்."

அக்கா சிரித்தாள். கையை மட்டும் இன்னும் எடுக்கவில்லை.