பாண்டியர் காலத்துக் கழுநீர்த் தொட்டி

1946-ஆம் வருஷம், தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை. காலைக் கறவை முடிந்திருந்தது. மனுவேல் கழுவிய பால்குடங்களைச் சுவரோரம் கவிழ்த்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். இடத்தின் பழமையைப் பார்க்க ஆள் வருகிறது.

தாமிரபரணிக் கரையில் அந்தப் பால்பண்ணையை வைத்தவர் அவன் அப்பா. முத்துக்குளிக்கிற குடும்பத்தில் பிறந்து கடலுக்கு முதுகைக் காட்டிய முதல் ஆள். ஊர் சிரித்தது. மாடு சிரிக்கவில்லை, பால் கொடுத்தது. இப்போது ஓர் உப்புக் கம்பெனி அங்கே மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டப் பார்க்கிறது. நிலத்தை எடுத்துக் கொடுக்கச் சர்க்காரும் தலையாட்டிவிட்டது. மாடுகளை ஓட்டிக்கொண்டு போக மனுவேலுக்கு வேறு இடமில்லை. வேறு தொழிலும் தெரியாது.

வழி சொன்னவர் பால்வண்டிக்காரர் பொன்னுதுரை. "கொற்கைப் பழமைச் சங்கத்தார் ஒரு வார்த்தை சொல்லிட்டா கம்பெனிக்காரன் கிட்ட வர மாட்டான். நீ கொஞ்சம் பழசாச் சொல்லுடே."

சங்கத் தலைவர் ஜெபசீலன் எம்.ஏ. குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். கொட்டிலை அண்ணாந்து பார்த்தார்.

"கட்டடம் எந்தக் காலம்?"

"போர்ச்சுகீசியர் காலம் சார்."

தவக்காலத்தில் பொய். மனுவேல் மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஜெபசீலனின் முகம் தொங்கிவிட்டது. "நானூறு வருஷந்தானா? பாண்டியர் துறைமுகம் கொற்கைக்குப் பக்கத்தில் அதெல்லாம் நேற்றுக் கட்டினது மாதிரி."

மனுவேல் கொட்டிலை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். செவலைப் பசு கழுநீர் குடித்துக்கொண்டிருந்த மரத்தொட்டி கண்ணில் பட்டது. ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளம். அழுகிய சிப்பிகளை அதில் போட்டு அலசித்தான் முத்தெடுப்பார்கள். கடைசியாக நடந்த சலாபத்தில் முத்துக்குளிப்பு முடிந்ததும் ஏலத்தில் மனுவேலே எடுத்து வந்து தொட்டியாக்கியது.

"அது பாண்டியர் காலம்," என்றான். "ராசாவுக்கு முத்து அலசுனது."

ஜெபசீலன் குடையைப் போட்டுவிட்டு மண்டியிட்டார். விளிம்பை முகர்ந்தார்.

"இன்னும் கடல் வாசம் போகவில்லை," என்றார். கண் கலங்கியிருந்தது.

பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் ஊறிப் புளித்த வாசம் அது. செவலை தலை நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தது.

அவர் போனதும் மனுவேலின் மனைவி மெட்டில்டா வெளியே வந்தாள்.

"பாண்டியனோட நிறுத்திட்டீயளே. நோவா செஞ்ச கப்பல்னு சொல்லியிருந்தா அந்த மனுசன் விழுந்தே கும்பிட்டிருப்பாருல்லா?"

"ஏளா, சும்மா இரு. இடம் தப்பிச்சாப் போதும்."

இடம் தப்பித்தது. ஜெபசீலன் சர்க்காருக்கு எழுதிப்போட, ஈஸ்டர் முடிந்ததும் கம்பெனி வேறு கரை பார்த்துப் போய்விட்டது. மெட்டில்டா தெருவுக்கே பால்பாயசம் கொடுத்தாள். மனுவேல் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலிட்டு, பாண்டியரை மட்டும் விட்டுவிட்டு மற்றப் பாவத்தையெல்லாம் சொன்னான்.

அப்புறம் ஜெபசீலன் மறுபடி வந்தார். கையில் சர்க்கார் உத்தரவு, பின்னால் வண்டி நிறைய முள்கம்பி. வள்ளத்தைச் சுற்றி வேலி. கொட்டிலைச் சுற்றி வேலி. ஆற்றுக்கு இறங்கும் பாதையிலும் வேலி. மனுவேலும் சந்தோஷமாக ஒரு முனையைப் பிடித்து இழுத்துக் கொடுத்தான். கடைசி முளையை அடித்த பிறகுதான், மேய்ச்சல் முடிந்து திரும்பிய மாடுகள் வெளியே நிற்பதைப் பார்த்தான்.

"சார், மாடு உள்ள போகணுமே."

"புராதனச் சின்னத்தில் மாடு கட்டுவதா? நக்கியே வள்ளத்தைத் தேய்த்துவிடும். இத்தனை நாள் விட்டு வைத்ததே தப்பு."

"இது பால்பண்ணை சார்."

"பண்ணையைத்தானே காப்பாற்றியிருக்கிறோம்? இனி ஒரு செங்கலை யாரும் தொட முடியாது." ஜெபசீலன் மாடுகளைத் திரும்பிப் பார்த்தார். "இதெல்லாம் எந்தக் காலத்து மாடு, சொல்லுங்கள்."

மனுவேல் முள்கம்பியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்; செவலையின் தலைகூட நுழையவில்லை. மடி கனத்த மாடுகள் கம்பி ஓரமாக நின்று கத்தின.

மெட்டில்டா பால்குடத்தை இடுப்பில் வைத்தபடி ஜெபசீலனுக்கு நேரே வந்து நின்றாள்.

"ஏன் சார், உங்க பாண்டிய ராசா ஒரு வாய் மோருகூடவா குடிக்காமச் செத்தாரு?"