அசனாவின் எண்ணெய்த் தகரம்

கணவன் அப்துல் மஜீத் கடலில் மௌத்தான பிறகு வரும் முதல் மாரி அது. கூரைக்குத் தென்னோலைக் கிடுகு மாற்றாவிட்டால் பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது என்பதே அசனாவுக்கு ஓயாத யோசனை. கிண்ணியாத் துறையடியில் பணியாரம் விற்று வருவதெல்லாம் மறுநாள் எண்ணெய்ப் போத்தலுக்கும் மாவுக்கும் போய்விடும். பட்டினத்தில் எண்ணெயை ஒரு தகரமாக வாங்கினால் நல்ல மலிவு. மிச்சம் பிடிப்பதில் கிடுகு வாங்கலாம். காதுப்பூவை விற்று ஒரு தகரம் வாங்கிவிட்டாள்.

கணக்கில் பிழையில்லை. ஆட்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்க்கும் மிதவையான 'பாதை'யில், தகரத்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. போத்தலில் வாங்குகிறவளிடம் யாரும் கேட்பதில்லை. தகரம் வைத்திருக்கிற வீட்டுக்குக் கோப்பையோடு வருவார்கள். இல்லையென்று சொல்லும் வழக்கம் ஊரில் கிடையாது.

பாதையில் வேலை செய்யும் மஹ்ரூப் பார்த்துவிட்டான். "என்ன ராத்தா, பெரிய முதலாளி ஆகிட்டீங்க போல! வீட்டுக்காரிக்கிட்டக் கோப்பையக் கழுவி வைக்கச் சொல்லட்டா?"

"மண்ணெண்ணெய் தம்பி," என்றாள் அசனா. வாய் முந்திக்கொண்டது.

அது எழுபத்திநாலாம் ஆண்டு. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. அந்தி சாயுமுன்பே, மஹ்ரூப் சொல்லிக் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா வெறும் போத்தலோடு வந்து நின்றாள்.

"மச்சி, விளக்குக்குக் கொஞ்சம் தாங்க. கடையில ஒரு சொட்டுமில்ல."

"அது வேற ஆளுட சாமான் புள்ள. கைவைக்க ஏலாது."

நஜ்முன் நிஸா மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்த தகரத்தைப் பார்த்தாள். வெறும் போத்தலோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் துறையடியில் ஒருவரும் பணியாரம் வாங்கவில்லை. கூடைக்குள் கையை விட்ட ஒரு ஆளும், மஹ்ரூப் ஏதோ காதில் சொல்ல, கையை எடுத்துக்கொண்டார்.

"என்ன தம்பி நடந்தது?"

"குறை நினைக்காதீங்க ராத்தா. விடிய அந்தத் தகரத்திலயிருந்து நீங்க சட்டியில ஊத்தினத நஜ்முன் நிஸா மச்சி வேலி இடுக்கால கண்டிருக்கா. மண்ணெண்ணெய்த் தகரத்து எண்ணெயில சுட்டத எப்பிடித் தின்னுற?"

ஒருதரம் பெயர் கெட்டால் இந்தத் துறையில் இனி அடுப்பு மூட்ட முடியாது. பிறகு கூரை எங்கே! வீட்டுக்கு ஓடினாள். தகரத்தை இடுப்பில் சுமந்து வந்து, எல்லோரும் பார்க்க உள்ளங்கையில் ஊற்றிக் குடித்தாள்.

"தேங்காயெண்ணெய்! எல்லாரும் வந்து கேப்பீங்களெண்டு பயந்து பொய் சொன்னனான்."

மஹ்ரூப் எண்ணெயை விரலால் தொட்டு நக்கினான். "அடே, தலைக்கும் வைக்கலாம் போல!" துறையடி சிரித்தது. ஆட்கள் கூடையைச் சூழ்ந்தார்கள்.

தகரத்தைக் கண்டு பின்னாலேயே வந்திருந்த நஜ்முன் நிஸா சிரிக்கவில்லை. "நான் கேட்டது விளக்குக்கு மச்சி. புள்ளையள் இருட்டுக்குள்ளதான் சோறு திண்டதுகள். இல்லாத மண்ணெண்ணெயயா இல்லையெண்டு சொல்ல ஏலாமப் போச்சு?"

அசனா குனிந்து தகரத்தின் மூடியை இறுக்கினாள்.

பின்னேரம் அவள் பயந்ததே நடந்தது. நாலைந்து பெண்கள் கோப்பையோடு வாசலில் நின்றார்கள். நஜ்முன் நிஸாவும் நின்றாள். குடாவுக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"எண்ணெய் தாறன்," என்றாள் அசனா. குரல் அவளுக்கே அந்நியமாயிருந்தது. "ஒரு கோப்பைக்கு ரெண்டு கிடுகு. ஓலை உங்கட வளவுகளில கிடக்கு. மழைக்கு முன்னம் பின்னித் தாங்க."

"வாசலுக்கு வந்து கேட்டதுக்கு விலையா?" என்றாள் ஒருத்தி.

"கூரை ஒழுகுது."

ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோப்பைகள் ஒவ்வொன்றாக முந்தானைக்குள் போயின. நஜ்முன் நிஸா மட்டும் தன் கோப்பையை நீட்டினாள். அசனா ஊற்றும்போது எண்ணெய் விளிம்பு தாண்டி வெளியே வழிந்தது.

"நாளைக்குக் கொண்டாறன்," என்றாள் நஜ்முன் நிஸா.

இரண்டு கிடுகு. அசனா கூரையை அண்ணாந்து பார்த்தாள். ஓட்டைகளுக்குள்ளால் அந்தக் கறுத்த வானம் தெரிந்தது.